லினக்ஸுக்கு மாறுமுன் யந்திரத்தைப் பாருங்கள்

(கிளைச் செயலாளர்களுக்கும் தொழிற்சங்க ஊழியர்களுக்கும் நடந்த வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நமது கட்சிக் காரியாலயங்களிலும் சங்கக் காரியாலயங்களிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறார்கள். நாங்கள் இத்துறையில் பட்டம் பெற்றவர்கள் அல்ல. நோட்டீஸ் தயாரிக்கவும், சந்தாக் கணக்கு எழுதவும், மனு அடிக்கவும் இந்த யந்திரத்தைத் தொட்டவர்கள். தொட்ட இடத்தில் சுட்டுக்கொண்டவர்கள். சுட்டுக்கொண்ட கதையையும் ஒளிக்காமல் சொல்லப் போகிறோம்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2025 அக்டோபர் 14ந் தேதி மைக்ரோசாப்ட் கம்பெனி, விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குத் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. அன்று காலையில் நமது யந்திரங்களில் ஒரு திருகாணிகூடக் கழன்று விழவில்லை. முந்தின நாள் ஓடியதைப் போலவே அன்றும் ஓடின. ஆனால் அன்று முதல், அந்த மென்பொருளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. இன்னும் ஒரு வருஷம் அவகாசம் வேண்டுமானால் அதற்கென்று தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். சரி, விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராஸஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்று நிபந்தனை. நமது காரியாலயங்களில் உள்ளவற்றில் முக்கால்வாசி அதற்கு முந்தியவை.

இதனால் உலகெங்கும் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டது. இது கம்யூனிஸ்டுகள் போட்ட கணக்கு அல்ல. முதலாளிகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிற நிறுவனம் போட்ட கணக்கு.

பழுதான யந்திரத்தை மாற்றுவது நியாயம். நன்றாக ஓடுகிற யந்திரத்தை ஓடாததாக ஆக்கி, புதியதை வாங்கச் செய்வது எந்த நியாயம்? ஏகபோகம் என்றால் என்ன என்று நாம் வகுப்புகளில் புத்தகத்தைக் கொண்டு விளக்குகிறோம். இனி மேஜைமேல் இருக்கும் இந்தப் பெட்டியைக் காட்டியே விளக்கலாம்.

கடைக்காரர் வருகிறார். "தோழர், மூன்று சிஸ்டமும் மாற்றிவிடலாம், தவணையில் தருகிறேன்" என்கிறார். அவர்மீது குற்றமில்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? மில் வாசலில் நாம் குலுக்குகிற உண்டியலிலிருந்து வரும். ஆகவேதான் மாவட்டக் குழுவில் இதை விவாதித்தோம். பழைய யந்திரங்களிலேயே லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு ஓட்டுவது என்று முடிவுக்கு வந்தோம். அதை இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வது என்றும் முடிவுக்கு வந்தோம்.

"இந்தத் தடவை" என்று ஏன் சொல்கிறோம்? முந்தின தடவை ஒழுங்காகச் செய்யவில்லை என்பதால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது

கொஞ்ச காலத்துக்கு முன்பு, நமது வாலிபர் அரங்கத்திலிருந்து வந்த ஒரு இளம் தோழர், கல்லூரியில் படிப்பவர், லினக்ஸைப் பற்றி மிகுந்த உற்சாகத்தோடு பேசினார். பேசியது முழுவதும் உண்மை. நாங்களும் தலையாட்டினோம். ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து, ஞாயிறு மதியத்துக்குள் காரியாலயத்தின் மூன்று கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டார். திரை பளிச்சென்று வந்தது. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தோம்.

மறுநாள் காலை ஐந்தரை மணி ஷிப்ட்டுக்கு ஒரு ஆலையில் வாயிற்கூட்டம். அதற்கு 300 நோட்டீஸ் அடிக்க வேண்டும். இரவு ஏழு மணிக்கு நோட்டீஸை எழுதி முடித்து அச்சிடக் கட்டளை கொடுத்தால், பிரிண்டர் அசையவில்லை. டி.டி.பி. கடைகளில் பார்க்கிறீர்களே, அந்த மாதிரிச் சின்ன லேசர் பிரிண்டர். விண்டோஸில் பல வருஷம் நன்றாக உழைத்தது. அன்று விளக்கு எரிந்தது, காகிதம் நகரவில்லை. கம்பெனியின் டிரைவரைத் தேடி எடுத்துப் போட்டார் அந்தத் தோழர். அது வேறொரு பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது, ஏறவில்லை. இரவு பதினொரு மணி ஆயிற்று. ஸிராக்ஸ் கடையெல்லாம் மூடியாகிவிட்டது. கடைசியில் ஒரு நோட்டீஸைக் கையால் எழுதி, காலையில் பஸ் ஸ்டாண்டு அருகே முதலில் திறந்த கடையில் பிரதி எடுத்துக்கொண்டு ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் உள்ளே போய்விட்டது.

"லினக்ஸ் நமக்கு ஒத்துவராது" என்று அன்று காரியாலயத்தில் சொல்லாதவர் இல்லை. பழையபடி விண்டோஸுக்கே திரும்பினோம். அந்த இளம் தோழர் ஒரு மாதம் வரை காரியாலயப் பக்கமே தலைகாட்டவில்லை. அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பிறகு குழுவில் உட்கார்ந்து பரிசீலித்தபோதுதான் குற்றம் யாருடையது என்று தெரிந்தது. அவருடையது அல்ல, லினக்ஸுடையதும் அல்ல. நாங்கள் வரிசையைத் தலைகீழாகச் செய்தோம். முதலில் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தோம், பிறகு யந்திரம் ஒத்துழைக்கிறதா என்று பார்த்தோம், கடைசியில்தான் நமக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்பதே ஞாபகம் வந்தது. நமக்கு ஆக வேண்டிய வேலை என்ன, அதற்கு எந்த மென்பொருள் வேண்டும், அதற்கு இந்த யந்திரமும் இந்த பிரிண்டரும் பொருந்துமா என்ற வரிசையில் கேட்டிருக்க வேண்டும். இதெல்லாம் சரியான பிறகே பழையதை அழிக்க வேண்டும். பொறுப்பாளர்கள் என்ற முறையில் இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

துபாஷி ஏன் வரவில்லை?

யந்திரம் ஏன் ஒத்துழைக்க மறுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த தடவை ஏமாறாமல் இருக்கலாம். டிரைவர், டிரைவர் என்கிறார்களே, அது என்ன? கும்பினியார் காலத்தில் துபாஷிகள் இருந்தார்கள் அல்லவா? துரைக்குத் தமிழ் தெரியாது, நெசவாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் துபாஷி நின்று பேசுவார். அதேபோல இயங்குதளத்துக்கும் ஒவ்வொரு வன்பொருளுக்கும் நடுவில் ஒரு சிறு மென்பொருள் நின்று பேசுகிறது. அதுவே டிரைவர். பிரிண்டருக்கு ஒன்று, வைஃபை சிப்புக்கு ஒன்று, திரைக்கு ஒன்று.

வன்பொருளைச் செய்கிற கம்பெனி அதன் பாஷையை வெளியிட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் துபாஷி ஆகலாம். உலகெங்குமுள்ள லினக்ஸ் ஊழியர்கள் டிரைவரை எழுதி இயங்குதளத்தின் கருவிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதன்பின் நாம் எதையும் தேடி ஓட வேண்டியதில்லை. செருகினால் வேலை செய்யும். ஆனால் பல கம்பெனிகள் பாஷையை ரகசியமாக வைத்துக்கொண்டு, விண்டோஸுக்கு மட்டும் ஒரு துபாஷியை அனுப்புகின்றன. நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்மோடு பேசாது!

இது இன்று நேற்று வந்த சண்டை அல்ல. சுதந்திர மென்பொருள் இயக்கம் பிறந்த கதையிலேயே ஒரு பிரிண்டர் இருக்கிறது. 1980ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஸிராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்தது. முன்பு இருந்த பிரிண்டரில், சிக்கல் ஏற்பட்டால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அங்கே வேலை செய்தவர்களே மென்பொருளைத் திருத்தியிருந்தார்கள். புதியதில் அது முடியவில்லை, ஏனெனில் மூல நிரலைத் தரவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். வெளியிடமாட்டேன் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மனை விடவில்லை. 1983 செப்டம்பரில் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் அதோடு சேர்ந்தது. நாம் இன்று லினக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வது இந்த இரண்டும் சேர்ந்த கூட்டுழைப்பைத்தான்.

ஆகவே நமது காரியாலயத்தில் பிரிண்டர் மௌனம் சாதித்தபோது, வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.

பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

இனி நடைமுறைக்கு வருவோம். இருக்கிற யந்திரம் பொருந்துமா என்று பார்க்க நிபுணர் தேவையில்லை. லினக்ஸை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எதையும் அது தொடாது, நீங்களாக நிறுவச் சொன்னாலொழிய. இப்படி ஓட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வைஃபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா? மடிக்கணினியானால் மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா? புரொஜெக்டர் மாட்டினால் படம் விழுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா? நாங்கள் அந்தச் சனிக்கிழமை இதற்கு அரைமணி நேரம் செலவிட்டிருந்தால் திங்கட்கிழமை வாயிற்கூட்டம் நடந்திருக்கும்.

சில யந்திரங்களில் பென்டிரைவிலிருந்து எல்லாம் ஓடும், ஆனால் நிறுவப் போனால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். பயப்படாதீர்கள். பயாஸ் அமைப்பில் டிஸ்க் 'ரெய்டு' முறையில் இருக்கும், அதை 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்றினால் தென்படும். ஆனால் விண்டோஸும் அதே யந்திரத்தில் இருக்க வேண்டுமானால் தெரிந்தவரை வைத்துக்கொண்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எழுந்திருக்காமல் போகலாம்.

யந்திரத்தின் வயதைப் பற்றி. 32 பிட் பிராஸஸர் உள்ள மிகப் பழைய பெட்டிகளை இனி விட்டுவிடலாம். டெபியனே 2025 ஆகஸ்டில் வந்த 13ம் பதிப்பிலிருந்து அவற்றுக்கு நிறுவும் வசதி தருவதை நிறுத்திவிட்டது. 64 பிட் யந்திரத்தில் 2 ஜி.பி. ரேம் இருந்தால் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய திரையமைப்போடு ஓடும். பிரௌசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். 4 ஜி.பி. இருந்தால் காரியாலய வேலைக்குப் போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால், அதே யந்திரமா இது என்று கேட்பீர்கள். செலவு செய்வதானால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

2011 செப்டம்பரில் தமிழக சர்க்கார் துவக்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த யந்திரங்கள் நமது தோழர்களின் வீட்டு அலமாரிகளில் எத்தனை தூங்குகின்றன என்று கணக்கெடுங்கள். அவற்றில் விண்டோஸோடு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலருக்கு அது இருந்ததே தெரியாது. பாட்டரி செத்திருக்கும், சுவரில் செருகியே ஓட்டிக்கொள்ளலாம்.

எதை வாங்குவது, எதை வாங்காமலிருப்பது

புதிதாகவோ பழையதாகவோ வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களிலும், பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் உபயோகித்துவிட்டுத் தள்ளிய அலுவலக யந்திரங்கள் கிடைக்கின்றன. லெனோவா திங்க்பேட், டெல் ஆப்டிப்ளெக்ஸ் போன்ற வரிசைகள். வீட்டு உபயோகத்துக்கென்று பளபளப்பாக விற்கிறவற்றைவிட இவை லினக்ஸோடு நன்றாக ஒத்துப்போகின்றன. லினக்ஸ் ஊழியர்களே இவற்றை அதிகம் உபயோகிப்பதும் ஒரு காரணம். எந்தெந்த மாடல்களைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறோம் என்று உபுண்டு ஒரு பட்டியலே வெளியிடுகிறது. வாங்குமுன் மாடல் பெயரை அதில் பாருங்கள். கடையில் "டாஸ் லேப்டாப்" என்று விலை குறைத்து விற்பார்கள். அதற்கு விண்டோஸ் இல்லை என்று மட்டுமே அர்த்தம். லினக்ஸ் ஓடும் என்று அர்த்தம் அல்ல.

திரைக்கான கிராபிக்ஸ் விஷயத்தில் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் டிரைவர்களும் லினக்ஸ் கருவுக்குள்ளேயே திறந்த நிலையில் இருக்கின்றன. என்விடியாவோடு பல வருஷம் தகராறு. 2012ல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் டோர்வால்ட்ஸ், தாம் பழகிய கம்பெனிகளிலேயே மோசமானது இதுதான் என்று விரலைக் காட்டியே திட்டினார். எந்த விரல் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. 2022ல் அந்தக் கம்பெனி டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது, அதுவும் புதிய தலைமுறைச் சிப்புகளுக்கு மட்டும். காரியாலய வேலைக்கு அந்தக் கார்டே தேவையில்லை. ஆகவே அந்தக் கவலையும் தேவையில்லை.

வைஃபையில் கொஞ்சம் உஷார் வேண்டும். இன்டெல் சிப்புகள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. பிராட்காம் சிப்புகள் பலவற்றுக்குத் தனியே டிரைவர் போட வேண்டிவரும். அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும்! செல்போனை யு.எஸ்.பி. கம்பியில் இணைத்து அதன் இன்டர்நெட்டைத் தற்காலிகமாக உபயோகிப்பதுதான் வழி. மலிவாக விற்கும் யு.எஸ்.பி. வைஃபைத் துண்டுகளை வாங்கும்போது பெட்டியின்மேல் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள். டிபி-லிங்க்கின் டி.எல்.-டபிள்யூ.என். 722என் என்ற ஒரே பெயரில் முதல் பதிப்பு ஏதெராஸ் சிப்போடு வந்தது, லினக்ஸில் அருமையாக ஓடியது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்பை வைத்தார்கள். பெயரும் உருவமும் அதே. உள்ளே ஆள் வேறு. "நண்பர் வாங்கினார், நன்றாக ஓடுகிறது" என்று வாங்கியவர்கள் தலையில் கைவைத்தார்கள். 'எல்.எஸ்.பி.சி.ஐ.', 'எல்.எஸ்.யு.எஸ்.பி.' என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. அவற்றை அடித்தால் உள்ளே இருக்கும் சிப் எது என்று யந்திரமே சொல்லிவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு விசாரியுங்கள்.

இப்போது பிரிண்டர். இதில்தான் நாங்கள் விழுந்தோம், இதில்தான் நீங்களும் விழக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பிரிண்டர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தானே புத்தியுள்ளது. போஸ்ட்ஸ்கிரிப்ட், பி.சி.எல். என்ற தெரிந்த பாஷைகளில் பக்கத்தை அனுப்பினால் தானே புரிந்துகொண்டு அச்சிடும். மற்றொன்று, விலையைக் குறைப்பதற்காக அந்தப் புத்தியை எடுத்துவிட்டு, எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டரின் தலையில் கட்டிவிட்டது. அது கம்பெனியின் சொந்தப் பாஷையை மட்டுமே கேட்கும். நம் ஊரில் எந்தக் காரியாலயத்திலும் காணப்படுகிற கேனான் எல்.பி.பி. 2900 இப்படிப்பட்டது; அதன் பாஷைக்கு கேப்ட் என்று பெயர். லினக்ஸில் அதை ஓட்டவே முடியாது என்பதல்ல. முயன்றவர்கள் ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபடியும் மல்லுக்கட்ட வேண்டும். எச்.பி. கம்பெனி லினக்ஸுக்கென்று எச்.பி.லிப் என்ற மென்பொருளைத் திறந்தே தருகிறது, நல்ல விஷயம். ஆனால் அதன் சில லேசர் மாடல்களுக்கு மூடிய செருகுநிரல் ஒன்றையும் இறக்கினால்தான் ஓடும்.

அப்படியானால் எதை வாங்குவது? 'ஏர்பிரிண்ட்' அல்லது 'ஐ.பி.பி. எவ்ரிவேர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். செல்போனிலிருந்து அச்சிடுவதற்காக வந்த முறைகள் இவை. இவற்றை ஏற்கும் பிரிண்டருக்குத் தனி டிரைவரே வேண்டாம், லினக்ஸின் கப்ஸ் என்னும் அச்சு அமைப்பு நேரடியாகப் பேசிவிடும். செல்போன் முதலாளிகள் தங்கள் வசதிக்குச் செய்த காரியம் நமக்கும் பயன்பட்டது! இன்னொரு விசித்திரம். கட்சி நிதி ரசீது அடிக்க நாம் மூலையில் போட்டுவைத்திருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள், டி.வி.எஸ்., எப்ஸன் முதலியவை, லினக்ஸில் சாதுவாக ஓடுகின்றன. அவை பேசும் எப்ஸன் பாஷை எல்லோரும் அறிந்தது. சத்தம்தான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றையும் விற்பவரிடம் "லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்டுவிட்டு, ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக ரசீதின் பின்புறம் எழுதி வாங்குங்கள். சும்மா சொல்வது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு என்பது ஒப்பந்தம் பேசிப் பழகிய நமக்குத் தெரியாததல்ல.

பரிசுத்தவாதமும் நடைமுறையும்

இங்கே கொள்கைப் பிரச்னை ஒன்று வருகிறது. வைஃபை சிப் போன்றவற்றுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் மூடிய நிரல் துண்டுகள் இருக்கின்றன. சுதந்திர மென்பொருளில் மூடிய துண்டு ஒன்றைக்கூட அனுமதிக்கக்கூடாது என்று ஒரு சாரார். ட்ரிஸ்குவெல் போன்ற இயங்குதளங்கள் அந்தக் கொள்கையில் நிற்கின்றன. அவற்றைப் போட்டால் பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை வராது. டெபியன் ஸ்தாபனத்தில் இது பல வருஷ விவாதம். 2022ல் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, நிறுவும் தொகுப்பிலேயே இந்தத் துண்டுகளைச் சேர்ப்பது என்று முடிவுசெய்தார்கள். 2023 ஜூனில் வந்த 12ம் பதிப்பு முதல் அப்படியே வருகிறது.

எங்கள் கருத்து டெபியன் உறுப்பினர்களின் பெரும்பான்மைக் கருத்தோடு ஒத்தது. இன்டர்நெட் வராத பரிசுத்தமான யந்திரத்தை மூலையில் வைத்துவிட்டு, தோழர்கள் வேலைக்குப் பழைய விண்டோஸைத் தேடிப் போவார்களானால் அந்தப் பரிசுத்தத்தால் யாருக்கு லாபம்? ஆனால் மற்றொரு சாராரை நாங்கள் கேலி செய்யவில்லை. அவர்கள் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் சில கம்பெனிகளாவது கதவைத் திறந்தன.

எந்த லினக்ஸ் என்று கேட்பீர்கள். காரியாலயத்துக்கு லினக்ஸ் மின்ட் அல்லது டெபியன் போதும். இதில் சண்டை வேண்டாம். மாவட்டம் முழுவதும் ஒன்றையே போடுங்கள் என்பதில்தான் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். ஒரு கிளையில் கற்றுக்கொண்டதை மறுகிளைக்குச் சொல்லிக்கொடுக்க முடிய வேண்டும்.

தமிழ் எழுத்தின் வில்லங்கம்

யந்திரம் பொருந்தினாலும் நமது பழைய ஃபைல்கள் பொருந்துமா? பத்து இருபது வருஷ நோட்டீஸ்களும், மகாநாட்டு அறிக்கைகளும், உறுப்பினர் பட்டியல்களும் பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறியீடு. எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத யந்திரத்தில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும், கிறுக்கல்தான் தெரியும். இது லினக்ஸின் குற்றமல்ல. வேறு விண்டோஸ் யந்திரத்தில் திறந்தாலும் இதே கதை. யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி. தமிழக சர்க்காரே 2010 ஜூனில் யூனிகோடை அங்கீகரித்து உத்தரவிட்டது. மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. ஓபன்-தமிழ் என்னும் திறந்த தொகுப்பிலும் அந்த வசதி இருக்கிறது. மாற்றிய பிறகு ஒரு தோழர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும், பெயர்களில் பிழை விழும்.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற வசதியில் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஆங்கில உச்சரிப்பு முறை மூன்றும் கிடைக்கின்றன. லோகித், நோட்டோ எழுத்துருக்கள் உண்டு. மீரா இனிமை என்று ஒரு அழகான தமிழ் எழுத்துரு இருக்கிறது. அதைச் செய்தளித்தவர்கள் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரள நண்பர்கள். கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ். பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸ்; 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பு தமிழ் எழுத்துகளை உடைக்காமல் சேர்க்கிறது. பேஜ்மேக்கரில் பழகிய தோழர்களுக்கு ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கேரளத்தில் எப்படிச் செய்தார்கள்?

கேரளத்தில் 2001ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் துவங்கியது. 2006ல் ஆட்சிக்கு வந்த இடது ஜனநாயக முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் கல்வி சுதந்திர மென்பொருளுக்கு மாறியது. 2017ல் அது கைட் என்ற நிறுவனமாயிற்று. 2019ல் தனது லினக்ஸ் பதிப்பை 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் போடப்போவதாகவும், இதனால் மிச்சமாகும் தொகை 3,000 கோடி ரூபாய் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. மிச்சத்தைவிட முக்கியமானது வேறு. ஆசிரியர்களையே பயிற்றுவித்து, மாஸ்டர் டிரெயினர்களாக்கி, நிறுவுவதையும் பழுதுபார்ப்பதையும் அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் வாங்குகிறவன் "என் லினக்ஸ் ஓட வேண்டும்" என்று சொன்னால் வியாபாரி கேட்டுத்தான் ஆக வேண்டும். தனி ஆளாகக் கடையில் நின்று கேட்டால் சிரிப்பான். கூட்டுப்பேரம் என்பது கூலிக்கு மட்டுமல்ல!

அமெரிக்க முற்றுகைக்குள் கிடக்கும் கியூபா, 2009ல் ஹவானாவின் தகவல் விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் தயாரான நோவா என்ற லினக்ஸை வெளியிட்டது. மறுபக்கமும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் மூனிச் நகரசபை 2003ல் முடிவெடுத்து, பத்து வருஷம் உழைத்து சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017ல் நகரசபையின் பெரும்பான்மை மறுபடி விண்டோஸுக்கே போகத் தீர்மானித்தது. ஒருமுறை மாற்றிவிட்டால் முடிந்தது என்று யாரும் இருந்துவிட முடியாது.

இறுதியாக ஒரு கேள்வி. நமது சங்கக் கணக்கு டேலியில் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று பொருளாளர் தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஆடிட்டரும் டேலியில்தான் கேட்கிறார். ஆகவே ஒரு யந்திரத்தில் விண்டோஸ் இருக்கட்டும். கணக்கு மட்டும் அதில் நடக்கட்டும். அதை இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம். அடுத்த நிதியாண்டு துவங்கும்போது குனூகேஷில் ஆறு மாதம் இணையாக எழுதிப் பார்த்துவிட்டு ஆடிட்டரோடு பேசலாம். கணக்கை அவசரப்பட்டு மாற்றி இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைச் சந்திக்க நாங்கள் தயாரில்லை.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் சோதனை வகுப்பு. நோட்டீஸ் அச்சாகாத இரவில் எங்களோடு விழித்திருந்த அந்த இளம் தோழர்தான் நடத்துகிறார். சோதனைப் படிவமும் அவர் எழுதியதே. ஒவ்வொரு கிளையும் தன் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் கொண்டுவர வேண்டும். முக்கியமான ஃபைல்களை அதற்குமுன் தனிப் பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரின் கம்பியை மறக்காதீர்கள். போன தடவை இரண்டு கிளைகள் மறந்துவிட்டு வந்தன.